பாலைக்கு ஒதுக்கிய இடம்

"தங்களுக்கு என்ன வேண்டும் என்பது மக்களுக்கே தெரியவில்லை என்று அறிக்கையில் எழுதிவிடலாமா, அம்மா?" என்று கேட்டார் மாசிலாமணி.

கேட்டவருக்கு ஐம்பத்தேழு வயது. கொன்றையூர் நகரசபையின் தலைமைத் திட்ட அலுவலர். அவருக்கு வியாழக்கிழமைதோறும் தர்க்கம் கற்பித்த உமையாளுக்கு நாற்பத்தொன்று. மாணவர் ஆசிரியரைவிட மூத்தவராக இருப்பது நம் மரபுக்குப் புதிதல்ல. மரபு தெரியாதவர்களுக்குத்தான் அது வேடிக்கை.

என்ன நடந்தது என்று உமையாள் விசாரித்தார்.

ஊர் நடுவே பழைய சிறைச்சாலையை இடித்ததில் ஒன்பது ஏக்கர் நிலம் கிடைத்திருந்தது. கொன்றையூரில் காலாற நடக்க வேறு இடம் கிடையாது. மாதக் கடைசிக்குள் ஊரார் ஒப்பும் திட்டம் வந்தால் பூங்கா, வராவிட்டால் வணிக வளாகம் என்று சபை தீர்மானித்தது. மாசிலாமணி எட்டு மாதம் உழைத்து ஐந்திணைப் பூங்கா ஒன்றை வரைந்தார். குறிஞ்சிக்குச் செயற்கைக் குன்று, நெய்தலுக்கு அலையடிக்கும் தொட்டி. பாலைக்கும் இரண்டு ஏக்கர் ஒதுக்கி மணல் கொட்டச் சொல்லியிருந்தார். கொன்றையூர் வெயிலை அறிந்தவர்கள் இதை மிகையான ஏற்பாடு என்பார்கள்.

ஊராரைக் கேட்காமலும் இல்லை. மூன்று கூட்டம் போட்டார். முதலாவதற்கு நூறு பேர் வந்தார்கள். பொன்னாடைகள் போர்த்தி முடிக்கவே ஒரு மணி நேரமாயிற்று. ஆட்சேபம் உண்டா என்று கேட்டபோது ஒருவர் எழுந்து தம் தெருச் சாக்கடையைப் பற்றிப் பேசினார். இரண்டாவதற்குப் பதினொரு பேர். மூன்றாவதற்கு வந்த ஒரே ஆள் விளக்கணைக்க வந்தவர். இப்போது மாதம் முடிய எட்டு நாள்தான் இருந்தது.

"கூட்டம் எங்கே போட்டீர்கள்?"

"குளிர்சாதன மண்டபத்தில்."

"அங்கிருந்து சிறைத் திடல் தெரியுமா?"

"மூன்று கிலோமீட்டர், அம்மா. படத்தைத் திரையில் காட்டினேன்."

"ஐந்திணை என்றால் என்னவென்று யாராவது கேட்டார்களா?"

"இல்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்."

உமையாள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் அறிவிக்கச் சொன்னார். ஞாயிறு மாலை நான்கு மணி, சிறைத் திடல். மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது. வீட்டில் எதில் உட்காருவீர்களோ அதை எடுத்து வந்து, திடலில் எங்கே பிடிக்கிறதோ அங்கே போட்டு உட்காருங்கள்.

"நான் அவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?"

"ஒன்றும் கேட்க வேண்டாம். அளவு நாடா எடுத்துப் போங்கள்."

ஞாயிறன்று முதலில் வந்தவர் தையல்காரர் கைருன்னிசா. பிளாஸ்டிக் ஸ்டூலைத் திடலின் நடுவே போட்டார். இரண்டு நிமிடத்தில் தலை காய்ந்தது. தூக்கிக்கொண்டு, சிறையில் இடிபடாமல் மிஞ்சி நின்ற மேற்கு மதிலின் நிழலுக்குப் போனார். அந்த மதிலை இடிக்க மாசிலாமணி ஏற்கெனவே குறிப்பு எழுதியிருந்தார்.

அவர் நாடாவோடு அருகில் வந்ததும் கைருன்னிசா பிடித்துக்கொண்டார்.

"சார், இந்த மதிலை இடிக்கப் போறீங்களாமே?"

"ஆமாம்மா. வெளியிலேர்ந்து பார்க்க அழகா இருக்கணும்ல."

"அப்ப நாலு மணி நிழலை நீங்களே கொண்டாந்து போடுவீங்களா?"

மாசிலாமணி அதைக் குறித்துக்கொண்டார்.

முடிதிருத்தும் அழகுமுத்து கடையின் சுழல் நாற்காலியையே தள்ளுவண்டியில் ஏற்றி வந்தார். சீட்டாடுகிறவர்கள் நான்கு பேர் ஒரு பெஞ்சைச் சுமந்து வந்து, மதிலோரம் சேர்ந்துவிட்டிருந்த பெண்களுக்கு அருகே போட்டார்கள். பெண்கள் எழுப்பிவிட்டார்கள். இலக்கணம் எதுவும் பேணாத அரை மணி நேரத் தர்க்கத்துக்குப் பின் பெஞ்சு இருபது அடி தள்ளிப் போயிற்று. மாசிலாமணி அந்த இருபது அடியையும் அளந்தார். நாற்காலி கொண்டுவராமல் மட்டையும் பந்துமாக வந்த இளைஞர்களை எல்லோரும் விரட்டினார்கள். யாருக்கும் வேண்டாத வெயில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. பாலைக்கு ஒதுக்கிய இடத்தில் ஸ்டம்பு நட்டார்கள்.

ஆறு மணிக்குத் திடலில் இருநூற்றுச் சொச்சம் பேர். அலையடிக்கும் தொட்டி வரவிருந்த இடத்தில் ஓர் ஆடு நின்றது.

நான்கு நாளில் மாசிலாமணி புதுப் படம் வரைந்தார். திணை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. வணிக வளாகத்தை விரும்பிய உறுப்பினர் ஒருவர் படத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"பெஞ்செல்லாம் ஒரே மதிலோரமா கெடக்கு. நடுவுல பொட்டல். இதை யாருங்க வரைஞ்சது?"

மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு எழப் பார்த்தார். அதற்குள் பார்வையாளர் பகுதியில் கைருன்னிசாவின் கை உயர்ந்தது. பிறகு அழகுமுத்துவின் கை. சீட்டாடுகிறவர்கள், அவர்களை எழுப்பிவிட்ட பெண்கள், இளைஞர்கள். உட்கார இடமில்லாமல் வாசலில் நின்றவர்களும் தூக்கினார்கள்.

மதில் ஏன் நிற்க வேண்டும், நடு ஏன் வெறுமையாக இருக்க வேண்டும், பெஞ்சுகளுக்கிடையே ஏன் சரியாக இருபது அடி என்று முறை வைத்து அவர்களே விளக்கினார்கள். குறுக்குக் கேள்வி கேட்டவர்களை அழகுமுத்து நாளை நான்கு மணிக்குத் திடலுக்கு வரச் சொன்னார். இருபத்தேழு வாக்குகள் பூங்காவுக்கு விழுந்தன, எதிராக ஒன்று. அந்த ஒருவரும் கலைந்து போகையில், தம் தாயாருக்கு மதிலோரம் இடம் கிடைக்குமா என்று கைருன்னிசாவிடம் விசாரித்ததாகக் கேள்வி.

ஊர் மேளதாளத்தோடு சபையிலிருந்து திடலுக்கு நடந்தது. ஒரு செடிகூட நடாத பூங்காவில் அன்றே திருவிழா முடிந்தது.

அடுத்து வந்த வியாழக்கிழமை மாசிலாமணி இனிப்போடு வந்தார். முகத்தில் மட்டும் ஏதோ குறை.

"எல்லோரும் கை தூக்கினார்கள், அம்மா. எட்டு மாதமும் நான்கு நாளும் வரைந்த என் கை மட்டும் மேலே போகவில்லை."

"ஏன்?"

"நான் அலுவலர். தூக்கியவர்கள் ஊர்க்காரர்கள்."

உமையாள் ஓர் இனிப்பை எடுத்துக்கொண்டார்.

"நீங்கள் குடியிருப்பது எந்த ஊரில், ஐயா?"