பத்து லட்சத்து ஒன்று

ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மிச்சமில்லாமல் வகுக்க முடியாத பெரிய எண் ஒன்று ராஜாவுக்கு வேண்டியிருந்தது. ஆஸ்தானக் கணிதர் திருமேனியார் பத்து லட்சத்து ஒன்றைக் கொடுத்தார். "என் நாட்டைப் போல இதையும் யாரும் பங்கு போட முடியாது" என்று ராஜா அதைக் கோட்டை வாசலில் வெட்டவைத்தார்.

பூக்கட்டும் வேலாயியின் புருஷன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டான். பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

வேலாயி சபைக்குப் போய் ராஜாவின் காலில் விழுந்தாள்.

"மிச்சமில்லாமல் பங்கு போட்டுக் காட்டு, விட்டுவிடுகிறேன்" என்றார் ராஜா. சபையே சிரித்தது.

"மகாராஜா, அம்மன் சரத்துக்கு நூறு பூ கட்டி, திருஷ்டிக்கு ஒண்ணு சேர்ப்போம். பத்து லட்சத்து ஒரு பூ கொடுங்க. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் சரம் கட்டினதும் கூடையில நூத்தியோரு பூ கிடக்கும். அதையும் கட்டிட்டா கூடை காலி."

கணிதர் மணலில் போட்டுப் பார்த்தார். விரல் அப்படியே நின்றது.

"நூறு வரைக்கும் வகுத்துப் பார்த்தேன், மகாராஜா. அதோடு நிறுத்திவிட்டேன்."

புருஷன் வீடு வந்தான். கணிதரை ஊரைவிட்டு அனுப்பினார்கள். மறைந்த மனைவியின் விளக்குக்கு வேலாயியிடம்தான் அவர் தினமும் சரம் வாங்குவார். போகிற வழியில் அவள் கூடையருகே நின்றார்.

"எண்ணைக் கண்டுபிடித்த அன்றைக்கு உன்னிடம்தானே முதலில் சொன்னேன், தாயே? அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா?"

வேலாயி அவருக்காகக் கட்டிவைத்த சரத்தை நீட்டினாள்.

"அன்னைக்கு நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க, ஐயா."