நண்டு வாசலில் மணல் உருண்டை

அந்தக் காலத்தில் கடல் சொல்லாமல் கரையேறாது. "வாரேன், வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் மேலே வரும். இறங்கும்போதும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகும். நண்டு, நத்தை, கொக்கு எல்லாமே வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது.

அப்போது ஈரமணலில் பேராச்சி என்று ஒரு சின்ன நண்டு குடியிருந்தாள். சின்னவள் என்றால் புளியங்கொட்டை அளவுதான் இருப்பாள். அவள் தலையில் விழுந்த வேலைதான் மலை அளவு. புருஷனைக் கொக்கு கொத்திக்கொண்டு போய்விட்டது. ஒரே பெண்பிள்ளை, பேர் பூரணி. குடியிருப்பது ஒரு மணல் வளை. கடல் ஏறும்போதெல்லாம் வளையின் சுவர் ஊறிச் சரியும். இறங்கினதும் பேராச்சி எச்சிலில் மணலைக் குழைத்து, அப்பி, வழித்து, மெழுகி முடிப்பாள். முடித்து மூச்சு விடுவதற்குள் கடல் மறுபடியும் "வாரேன்" என்று கூப்பிடும்.

இதில் சாப்பாட்டு வேலை வேறு. நண்டுக்குச் சாப்பாடு மணல்தானே. மணலை அள்ளி வாயில் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் பாசியைச் சப்பிக்கொண்டு, மிச்சத்தை உருண்டையாக உருட்டித் துப்பும். அந்த நாளில் நண்டுகள் வீட்டுக்குள் உட்கார்ந்துதான் சாப்பிடும். துப்பின உருண்டை எச்சில் அல்லவா? ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். எவள் வீட்டு வாசலிலாவது எச்சில் கிடந்தது என்றால் அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். ஊர்க் கட்டுப்பாடு அப்படி.

பூரணிக்கோ கொடுக்கு ஒரு இடத்தில் நிற்காது. அம்மா ஈரச்சுவரை மெழுகிவிட்டுத் திரும்பினால் போதும், அதில் கொக்கு பறக்கும், மேகம் மிதக்கும், மீன் துள்ளும். கீறின இடமெல்லாம் மணல் பொலபொலவென்று உதிரும். பேராச்சி மறுபடியும் குழைப்பாள், மறுபடியும் அப்புவாள்.

"ஏட்டி, சும்மா இருக்க மாட்டியா?"

"நான் சும்மாதாம்மா இருக்கேன். இந்தக் கொடுக்குதான் இருக்க மாட்டேங்குது."

ஒருநாள் கடல் கொஞ்சம் முரட்டுத்தனமாக ஏறி இறங்கியது. வீடு பாதி சரிந்துவிட்டது. பேராச்சி பூசிப் பூசி வாயில் எச்சில் வற்றிப்போய், கடைசிச் சுவரையும் முடித்துவிட்டு, உருண்டைகளைக் கொட்டப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் அந்தச் சுவர் முழுக்கப் படம். என்ன படம் என்று யார் பார்த்தது? எங்கே பார்த்தாலும் கால்களாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பொத்துக்கொண்டு வந்தது ஆத்திரம். ஒரே வழிப்பாக வழித்து, மேலே மணலை அப்பிவிட்டாள்.

"இனிமே இந்த வீட்டுல ஒரு கீறல் விழுந்துச்சு, கொடுக்கைக் கட்டிப் போட்டுருவேன், பார்த்துக்கோ."

பூரணி அழவில்லை. கொடுக்கு இரண்டையும் வயிற்றுக்கடியில் இடுக்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் சுவர் சுவராக இருந்தது. பேராச்சி எத்தனையோ காலத்துக்குப் பிறகு காலை நீட்டிப் படுத்தாள். எழுந்து பிள்ளைக்கு மணல் அள்ளிக் கொடுத்தாள். பூரணி வாங்கி வாயில் வைத்தாள், மெல்லவில்லை. "வேண்டாம்மா" என்று கீழே வைத்துவிட்டாள். அடுத்த வேளையும் அதே வேண்டாம். பாசி நிறைந்த மணலாகத் தேடிக் கொண்டுவந்தாலும் வேண்டாம். நாளாக ஆகப் பிள்ளையின் ஓடு வெளுத்து, மெலிந்து, வெயிலில் நிறுத்தினால் உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஆகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் போனால் பிள்ளை கையில் தங்காது என்று பேராச்சிக்குத் தெரிந்துபோயிற்று.

பக்கத்தில் வெயிலாள் என்று ஒரு சங்கு நண்டு. எவனோ விட்டுப்போன சங்கை முதுகில் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறவள். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி, வீடு பளிச்சுன்னு இருக்கே, எழவு வீடு மாதிரி."

"வாயைக் கழுவுங்க மதினி. பிள்ளை சாப்பிட மாட்டேங்குதுன்னு நானே உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"சுவத்துல படம் போட்டுக்கிட்டே கிடப்பாளே, அதெல்லாம் எங்க?"

"வழிச்சுட்டேன்."

"என்ன படம்னாச்சும் கேட்டீகளா?"

"கேக்குறதுக்கு எனக்கு எங்க மதினி நேரம்?"

சொன்ன பிறகு பேராச்சிக்கே அது என்னவோ போல் இருந்தது. மூலையைப் பார்த்துக் கேட்டாள். "ஏட்டி, அன்னைக்கு என்னத்த வரைஞ்ச?"

"உன்னையத்தான்."

"எனக்கு எதுக்குடி அத்தனை காலு?"

"நீ நிக்கவே மாட்டியே. ஓடுற காலை நான் எப்படிம்மா எண்ணுறது?"

பேராச்சிக்கு அழக்கூடத் தெம்பில்லை. சுவரைப் பார்த்தாள். சுவரில் கீறவிட்டால் வீடு சரியும். மறுபடி பூச உடம்பில் ஒன்றும் இல்லை. கீறாதே என்றால் பிள்ளை போய்விடும். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பூரணியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். உட்கார்ந்தாள். ஒரு வாய் மணலை அள்ளி மென்று, உருட்டி, தன் வாசலிலேயே துப்பினாள்.

வெயிலாள் பதறிப்போனாள். "அய்யய்யோ! வாசல்லயா எச்சில்? நாளைக்குப் பிள்ளைய எவன் கேட்டு வருவான்?"

"பிள்ளை இருந்தாத்தானே மதினி கேட்டு வர? கொல்லை வரைக்கும் தூக்கிட்டுப் போக எனக்கும் முடியல. ஊரு என்ன வேணும்னாலும் பேசட்டும்."

இன்னொரு உருண்டையை எடுத்து முதல் உருண்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வரிசை வாலறுந்த பாம்பு மாதிரி நெளிந்தது.

"அம்மா, கோணுது" என்றாள் பூரணி.

"எனக்கு இவ்வளவுதான் வரும். நேரா வேணும்னா நீ வை."

"எங்கிட்ட உருண்டை இல்லியே."

"மென்னாத்தானே உருண்டை."

பூரணி அம்மாவைப் பார்த்தாள். உருண்டைகளைப் பார்த்தாள். இடுக்கியிருந்த கொடுக்கு ஒன்று மெல்ல வெளியே வந்தது. ஒரு கிள்ளு மணல். மென்றாள், உருட்டினாள், அம்மா வைத்ததை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன்னுடையதை வைத்தாள். பக்கத்தில் வைக்க இன்னொன்று வேண்டுமே? இன்னொரு வாய். அதற்குப் பக்கத்தில்? இன்னொரு வாய். வாசலிலிருந்து வெயில் கதிர் மாதிரி ஒரு வரிசை நீண்டது, பிறகு அடுத்தது. பிள்ளைக்கு வயிறு நிறைவதே தெரியவில்லை. பேராச்சி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"வாரேன், வாரேன்" என்று கடல் குரல் கொடுத்தது. பூரணி ஓடிப்போய்ப் படத்தின் மேல் கவிழ்ந்துகொண்டாள்.

கடல் பக்கத்தில் வந்து தயங்கியது. "பேராச்சி, வாசல்ல என்னமோ பரப்பி வச்சிருக்கியே தாயி. நான் ஒதுங்கிப் போகட்டா?"

பேராச்சி யோசித்தாள். ஒதுங்கிப் போனால் இத்தனையையும் நாளைக்கு யார் அள்ளுவது? பிள்ளைதான் எங்கே போய் வரையும்?

"ஒதுங்க வேண்டாம் ஆத்தா. வந்து வழிச்சுட்டுப் போ. இந்த ஒரு வேலையை எனக்காக நீ பாரு."

"அம்மா!" என்று வீறிட்டாள் பூரணி.

"இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்துட்டேன்டி. அந்த நீளக் கதிரு நல்லா இருக்கு. இது கிடந்தா நாளைக்கு எங்க போடுவ? எந்திரி."

பூரணி கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்புறம் எழுந்து, "நாளைக்கு இதைவிடப் பெரிசா போடுவேன்" என்றாள், அழுகிற குரலில்.

"போடு, போடு. இப்ப உள்ள வா, எனக்குக் கண்ணைச் சொக்குது."

அன்று முதல்தான் கடல் இறங்கினதும் சின்ன நண்டுகள் வாசலுக்கு வந்து, தின்றுகொண்டே வளையைச் சுற்றி மணல் உருண்டைகளைக் கதிர் கதிராகப் பரப்புகின்றன. கடல் ஏறி எல்லாவற்றையும் வழித்துவிட்டுப் போகிறது. கூட்டி அள்ள எந்தத் தாய் நண்டும் எழுந்து வருவதில்லை.