கண்ணாடிக்கு வராத காற்று

“குறை வண்டியிலதான்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு அம்மணி. எனக்கு அது போதும்.”

ஃபௌசியா அப்போதுதான் கடையைத் திறந்து ஷட்டரை முழுக்க ஏற்றியிருந்தாள். நஞ்சன் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் சரிவில் அவருடைய பிக்கப் வண்டி நின்றது. காவல் நிலைய வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, போன வாரம்தான் வெளியே வந்திருந்தது. இடது பக்க பம்பர் உள்ளே போயிருந்தது.

கோத்தகிரியில் வண்டிக்கு மின்வேலை பார்ப்பவர்கள் நாலைந்து பேர் உண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதவள் இவள் ஒருத்திதான் என்பார்கள். நஞ்சனைவிடப் பத்து வயது இளையவள். மூன்று கடைக்காரர்கள் வண்டியில் ஏறி ஃபேனை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, காற்று சரியாகத்தானே வருகிறது என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் இங்கே வந்தார்.

“என்ன குறை?” என்றாள்.

“கண்ணாடி ஆவி கட்டிக்குது. ஃபேன் போட்டாலும் போகமாட்டேங்குது.”

“எப்பலருந்து?”

“அன்னைக்குக் காலையில இருந்துதான். திடீர்னு.”

எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும்.

கார்த்திகை மாதம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நஞ்சன் காரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார். அரவேணு தாண்டி ஒரு வளைவில் சத்தம் கேட்டது. மூட்டை ஒன்று சரிந்துவிட்டது என்று நினைத்தார். கொஞ்ச தூரம் போய்த்தான் நிறுத்தினார்.

இறங்கிப் பார்த்தபோது மூட்டைகள் எல்லாம் கட்டினபடியே இருந்தன.

தேயிலை பறிக்கப் போய்க்கொண்டிருந்த தெய்வானை சாலையோரம் உயிரில்லாமல் கிடந்தாள். அவளுடைய சாப்பாட்டுத் தூக்கின் மூடிகூடத் திறக்கவில்லை.

“வண்டியைச் சோதிச்சவங்க பிரேக் சரி, ஸ்டியரிங் சரி, லைட் சரின்னு எழுதிட்டாங்க. அப்ப எல்லாம் என் தப்புன்னு ஆகுது,” என்றார் நஞ்சன். “அன்னைக்குத்தான் கெட்டுதுன்னு ஒரு மெக்கானிக் எழுதிக் குடுத்தா தண்டனை குறையும்னு வக்கீல் சொல்றாரு.”

ஃபௌசியா மேஜைமேல் கிடந்த செய்தித்தாளில் விரலகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து அவர் கையில் கொடுத்தாள்.

“வண்டியில ஏறி ஃபேனைப் போடுங்கண்ணா.”

போட்டார். உள்ளே காற்று இரைந்தது. முகப் படம் போட்ட இடத்துக்குக் குமிழைத் திருப்பச் சொன்னாள். எதிரே இருந்த துவாரத்தில் தாள் படபடத்தது. கால் படத்துக்குத் திருப்பச் சொன்னாள். கீழே பிடித்தபோதும் படபடத்தது.

“இப்ப கண்ணாடி.”

திருப்பினார். கண்ணாடிக்கு அடியில் இருந்த நீளமான இடுக்கில் தாளைப் பிடித்தார். தாள் தொங்கியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கொண்டுபோனார். அசையவே இல்லை. காற்று அவர் கால்மேலேயே அடித்துக்கொண்டிருந்தது.

“பாத்தியா? பாத்தியா அம்மணி? குறை வண்டியிலதான்.”

எத்தனையோ நாள் கழித்து மார்பிலிருந்து ஏதோ இறங்கினமாதிரி இருந்தது.

“ஃபேனை அணைங்க,” என்றாள். சுற்றி வந்து இடது பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். “உங்க பக்கத்துக் கண்ணாடியை ஏத்துங்க.”

ஏற்றினார். அவளும் ஏற்றினாள்.

“வக்கீல்கிட்ட சொன்னதை எனக்கும் சொல்லுங்க.”

“எல்லாம்தான் தெரியுமே.”

“சொல்லுங்கண்ணா.”

நஞ்சன் சொல்ல ஆரம்பித்தார். பலமுறை சொல்லிச் சொல்லி அந்தக் கதை வழவழப்பாகியிருந்தது. எத்தனை மணிக்கு எழுந்தது, எத்தனை மூட்டை, டீ குடித்த கடை, எல்லாம் தானாக வந்தன. வெளியே தை மாதத்துக் குளிர். எதிர்ச்சரிவிலிருந்து மூடுபனி சாலைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அவர் பேசப் பேசக் கண்ணாடி வெளுத்தது. முதலில் ஓரங்கள். பிறகு எதிரே இருந்த தேயிலைச் செடிகள் மறைந்தன. பிறகு மின்கம்பம்.

“கிளம்பும்போது கண்ணாடி பளிச்சுன்னு இருந்துச்சு. அரவேணு தாண்டற வரைக்கும் ஒண்ணுமில்ல. அப்புறம் திடீர்னு…”

அவருடைய வலது கை கதவிலிருந்த பைக்குள் போயிற்று. துழாவியது. கிடைக்கவில்லை. பேச்சை நிறுத்தாமல் இன்னும் ஆழமாகக் கையை விட்டார்.

“என்னண்ணா தேடுறீங்க?”

“துணி.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது.

கை பைக்குள்ளேயே நின்றது.

ஃபௌசியா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வெளுத்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பழைய வேட்டி,” என்றார் நஞ்சன். “கிழிச்சு வச்சிருந்தேன்.”

“எப்ப கிழிச்சீங்க?”

“ஆடியில. மழை புடிச்சப்ப.”

அவரே சொன்னார். ஒரு நாள் வண்டியைப் பழுது பார்க்க விட்டுவிட்டு வரலாம் என்று தினமும் நினைத்ததைச் சொன்னார். தினமும் மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டதைச் சொன்னார். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் துணி. அது பழகிப்போய்விட்டது.

“ஒரு வட்டம் துடைச்சா போதும். அது வழியா ரோடு தெரியும்.”

“துடைங்க.”

உள்ளங்கையால் துடைத்தார். ஒரு தட்டளவுக்கு வட்டம் விழுந்தது. அது வழியாக வலது பக்கம் கடையின் சுவர் தெரிந்தது, அடுக்கியிருந்த பழைய பேட்டரிகள் தெரிந்தன. மற்றதெல்லாம் வெள்ளை.

“அந்தம்மா எந்தப் பக்கமா நடந்து போனாங்க?”

நஞ்சன் இடது பக்கம் பார்த்தார். ஃபௌசியாவுக்கு முன்னால் இருந்த கண்ணாடியில் ஒன்றுமே இல்லை.



அவள் இறங்கிப் போய் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சும் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

“நானா?”

“நீங்கதான்.”

இடது பக்கக் கதவைத் திறந்து, தரையில் முட்டி போட்டு, டேஷ்போர்டின் பெட்டியைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். குமிழிலிருந்து ஒரு மெல்லிய கம்பி வந்தது. கண்ணாடிக்குக் காற்றைத் திருப்பிவிடும் தகட்டை இழுப்பது அதன் வேலை. அதைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் உடைந்து, கம்பி அந்தரத்தில் தொங்கியது. அதன் நுனியில் தூசி பஞ்சுபோலப் படிந்து துரு ஏறியிருந்தது.

ஃபௌசியா ஒரு டப்பாவைக் கவிழ்த்து, சுண்டுவிரல் நகத்தளவு இருந்த கிளிப் ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தாள். நஞ்சன் கம்பியைத் தகட்டின் கொக்கியில் மாட்டி, கிளிப்பை அழுத்தினார்.

“வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஃபேனைப் போட்டுட்டு இப்ப திருப்புங்க.”

திருப்பினார். உள்ளே எங்கோ தகடு ஒன்று ‘டப்’பென்று மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அடியிலிருந்து காற்று கிளம்பியது. வெண்மை கீழிருந்து மேலாக விலகியது. மின்கம்பம் வந்தது. தேயிலை வந்தது. இடது ஓரத்தில், சாலையின் மண் விளிம்பு கடைசிவரை தெரிந்தது.

“அவ்வளவுதானா?” என்றார்.

“அவ்வளவுதாங்கண்ணா.”

“இது ரெண்டு நாள் ஆகற வேலையா இருந்திருக்கக் கூடாதா அம்மணி?”

நஞ்சன் வண்டியை அணைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சாலையில் போன ஒருவர் வணக்கம் சொன்னார். நஞ்சனுக்கு அது கேட்கவில்லை.

பிறகு ஃபௌசியா கடையின் பெயர் அச்சடித்த தாளையும் பேனாவையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

“எழுதுங்க.”

“நீதானே எழுதணும்.”

“நான் இன்னைக்குத்தான் பார்த்தேன்.”

அவர் எழுதினார். கொஞ்சம்தான் எழுதினார். ஆனால் நேரம் பிடித்தது. எழுதி அவளிடம் நீட்டினார்.

கண்ணாடிக்குக் காற்றை அனுப்பும் கம்பி கழன்றிருந்தது. ஆடி மாதமே கழன்றது. எனக்குத் தெரியும். நஞ்சன்.

ஃபௌசியா படித்தாள். கீழே, ‘கம்பி கழன்றிருந்ததை நானும் பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையை வைத்தாள்.

“இதைக் குடுத்தா என்னை உள்ள போட்டுடுவாங்க.”

“ஆமாங்கண்ணா.”

“வக்கீல் இதைக் கிழிச்சுப் போட்டுடுவாரு.”

“அப்ப ரெண்டு எழுதுங்க.”

“ரெண்டாவது யாருக்கு?”

அவள் இன்னொரு தாளை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, உடைந்த கிளிப்பைப் பொறுக்கப் போனாள்.

நஞ்சன் அந்த வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்தார். தாளின் மேல் ‘தெய்வானை வீட்டாருக்கு’ என்று எழுதினார். அடுத்த வரிக்குப் பேனாவைக் கொண்டுபோனார். அப்படியே வைத்திருந்தார்.

பிறகு பேனாவை மூடினார். எழுந்து, வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

“அவங்க லயன் வீடு எஸ்டேட் ஆபீஸுக்குக் கீழதானே?”

“ஆமா. மழை வரும்போல இருக்கு, வண்டியிலயே போங்கண்ணா. இப்ப எல்லாம் நல்லாத்தானே தெரியுது.”

“நடந்து போறேன்,” என்றார் நஞ்சன். இறங்கி, சாலையின் இடது ஓரமாக நடந்தார்.