ராஜாவின் காலை அடித்தது யார்?

முன்னொரு காலத்தில் கொன்றையூர்ச் சீமையை மகிழ்வளவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கோபம் எப்போது வரும், சிரிப்பு எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. அதோடு அவர் நடக்கவே மாட்டார். படுக்கையறையிலிருந்து சாப்பாட்டு மண்டபத்துக்குப் போவதென்றாலும் பல்லக்குதான்.

அரண்மனைப் பல்லக்குகளுக்கு அதிகாரி காளத்தியார். ராஜா பல்லக்கில் போனால் பின்னால் இவருக்கும் ஒரு பல்லக்கு. அதனால் ஊரில் அவருக்குப் பெரிய மிடுக்கு. மந்திரி பெருநம்பியின் பேச்சை ராஜா கேட்பது மட்டும் அவருக்குப் பொறுக்காது.

இப்படியிருக்க, ராஜாவின் ஒரே மகள் பூங்கோதைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டில் ஒரு வழக்கம். பெண்ணைப் பெற்றவர் ஊர் எல்லைக்கு நடந்து வந்து, மாப்பிள்ளையை நடந்தே அழைத்துப் போக வேண்டும். இல்லாவிட்டால் அவமதித்ததாக நினைத்துத் திரும்பிவிடுவார்கள்.

"அப்பா, உங்களால் முடியுமா?" என்று கேட்டாள் பூங்கோதை. அவள் கண் கலங்கியிருந்தது.

"ஏன் முடியாது? எனக்கென்ன காலா இல்லை?" என்றார் ராஜா.

பெருநம்பி மெல்லச் சொன்னார். "மகாராஜா, இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று நடந்து பழகினால்..."

"கொஞ்சமாவது, மண்ணாவது! நான் யார் தெரியுமா?"

அன்றே ராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். ஆற்றங்கரை வரை ஒரே மூச்சில் போய், ஒரே மூச்சில் திரும்பினார். ஊரே கைதட்டியது. ராஜாவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தூங்கப் போனார்.

விடிந்ததும் அரண்மனையே அதிரும்படி ஓர் அலறல். "ஐயோ! ராத்திரி யாரோ என் காலை உலக்கையால் அடித்துவிட்டார்கள்! தொடை அசையவில்லை! கெண்டைக்காலைத் தொட்டால் உயிர் போகிறது!"

காளத்தியார் முந்திக்கொண்டார். "மகாராஜா, நடக்கச் சொன்னது யார்? மந்திரி. அவர்தான் ஏதோ சூனியம் வைத்திருக்கிறார்."

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "மந்திரி! என் காலை அடித்தவனைக் கல்யாணத்துக்குள் பிடித்துக் காட்டும். இல்லையென்றால் மந்திரி பதவியை விட்டுவிட்டு ஊரை விட்டே போய்விடும்!"

பெருநம்பி பதறவில்லை. "பிடித்துத் தருகிறேன், மகாராஜா. ஆனால் அவன் பல்லக்குச் சத்தம் கேட்டால் ஒளிந்துகொள்வான். வேகமாகத் துரத்தினாலோ அன்றைக்கே திரும்பி வந்து அடிப்பான். தாங்களும் நானும் கதை பேசிக்கொண்டே மெதுவாக நடந்துதான் அவனைத் தேட வேண்டும்."

அன்று தாழ்வாரத்தை ஒருமுறை சுற்றி வந்ததோடு சரி. சாயங்காலம் நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரைக் காலில் ஊற்றச் சொன்னார் மந்திரி. பிறகு நல்லெண்ணெய் தடவிச் சீக்கிரமே தூங்க வைத்தார்.

காலையில் ராஜா காலை நீட்டிப் பார்த்தார். "மறுபடியும் அடித்திருக்கிறான். ஆனால் நேற்று மாதிரி இல்லை."

"அவனுக்குக் கை சோர்கிறது, மகாராஜா. இன்று யானைக் கொட்டில் வரை தேடலாம்."

இப்படியே யானைக் கொட்டில், மாந்தோப்பு, குளக்கரை என்று தேடல் நீண்டது. நடுவில் ஒருநாள், "உடம்பே எழவில்லை, மந்திரி" என்று ராஜா முனகினார். "இன்று அவனும் ஓய்வெடுக்கட்டும், நாமும் எடுப்போம்" என்று மந்திரி விட்டுவிட்டார். நாளாக நாளாக ராஜாவுக்கு நன்றாகப் பசித்தது, தூக்கம் வந்தது. தேடுவதே மறந்துபோய், வழியெல்லாம் சிரித்துப் பேசினார்.

கல்யாணம் நெருங்கிய ஒரு காலையில் இருவரும் ஊர் எல்லைக்கே வந்துவிட்டார்கள். பின்னாலேயே பல்லக்கில் வந்து இறங்கினார் காளத்தியார்.

"எங்கே ஐயா குற்றவாளி? எல்லையும் வந்தாயிற்று. ஓர் ஈ காக்கை இல்லை!"

ராஜாவின் முகமும் மாறியது. "ஆமாம் மந்திரி, எங்கே அவன்?"

"நாளைக் காலை சபையிலேயே காட்டுகிறேன், மகாராஜா. அதற்குக் காளத்தியார் இங்கிருந்து அரண்மனைக்கு நடந்து வர வேண்டும்."

"இவ்வளவுதானே! நடந்தால் என்னவாம்? உங்களுக்கு முன்னால் போய் நிற்கிறேன் பாருங்கள்" என்று காளத்தியார் மீசையை முறுக்கிக்கொண்டு பாய்ந்து நடந்தார். அவர் கிளப்பிய புழுதி அடங்கிய பிறகே மற்ற இருவரும் நிதானமாகக் கிளம்பினார்கள்.

மறுநாள் சபை கூடியது. காளத்தியாரைக் காணவில்லை. ஆள் அனுப்பினார்கள். கட்டிலோடு தூக்கி வந்தார்கள்.

"மகாராஜா!" என்று அழுதார் காளத்தியார். "ராத்திரி யாரோ என் காலை அடித்துவிட்டார்கள்!"

சபை கொல்லென்று சிரித்தது.

"இதோ அவன்தான், மகாராஜா" என்றார் பெருநம்பி. "பழகாத காலுக்குத் திடீரென்று வேலை கொடுத்தால் வருகிற வலி. மெதுவாகப் பழகினால் சில நாளில் போய்விடும். தங்கள் காலை இப்போது அழுத்திப் பாருங்கள்."

ராஜா அழுத்தினார், தட்டினார், சிம்மாசனத்திலிருந்து இறங்கிக் குதித்தும் பார்த்தார். "வலிக்கவில்லையே! இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தால் தாங்கள் கட்டிலை விட்டு எழுந்திருப்பீர்களா?"

ராஜா யோசித்தார். "மாட்டேன். உம்மைச் சிறையில் போட்டிருப்பேன்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். தம் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினார். பிறகு கட்டில் பக்கம் திரும்பினார். "காளத்தியாரே, பொய்ப்பழி சொன்ன குற்றத்துக்கு உம்முடைய பல்லக்கைப் பறித்துக்கொண்டேன். அது இனி நடக்க முடியாத நோயாளிகளுக்கு. உம் கால் சரியாகிற வரை வெந்நீர் ஊற்றுவது என் செலவு!"

கல்யாணத்தன்று மேளம் முழங்க ராஜா எல்லைக்கு நடந்தார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ராஜவீதியில் திரும்பி வந்தார். பல்லக்குத் திரையையே பார்த்துப் பழகிய ஜனங்கள், முதன்முதலாகத் தங்கள் ராஜாவின் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தார்கள். மோர் விற்கிற ஒருத்தி துணிந்து ஒரு குவளையை நீட்டினாள். ராஜா வீதியிலேயே நின்று அதை அண்ணாந்து குடித்தார். "உப்பு கொஞ்சம் தூக்கல், தாயி" என்றார். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அரண்மனை வாசலில் மாலையோடு நின்ற பூங்கோதை, நடந்து வரும் அப்பாவைப் பார்த்ததும் மாப்பிள்ளையைக்கூட மறந்து அவரிடம் ஓடினாள்.