வலது கால் செய்த தண்ணீர்த் திருட்டு

நெடுங்கரையில் புத்திக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. ஆளுக்கொரு மூட்டை இருந்தது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடுமே என்று யாரும் அவிழ்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரின் மதகுக்காரர் வேதகிரி. ஏரி நிரம்பிய வருஷத்தில் மதகைத் திறந்து முதல் தண்ணீர் விடுவது அவர் பொறுப்பு. அதற்கொரு வழக்கம் உண்டு. மடை திறக்கும் நாளில் மதகுக்காரர் ஏரிக்கரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடியில் இருக்கும் மதகுவரை தன் காலால் நடந்து வரவேண்டும். உச்சிப்பொழுதுக்குள் வந்து சேராவிட்டால் முதல் தண்ணீர் பக்கத்து ஊரான வேப்பந்தாங்கலுக்குப் போய்விடும்.

அந்த வருஷம் ஏரி நிரம்பியது. கூடவே வேதகிரியின் வலது காலும் நிரம்பியது.

மழைக்காலம் முழுக்க அவர் கரைமேல் பரண் கட்டிக் காவல் இருந்தார். இடது காலை மடித்து, வலது காலைத் தொங்கப்போட்டு உட்கார்வது அவர் பழக்கம். மழை விட்டபோது பாதம் பூசணிக்காய் ஆகியிருந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை மடை திறப்பு. நாற்றங்காலில் நாற்று மஞ்சளித்துக்கொண்டிருந்தது. வேதகிரிக்கு அழுகையே வந்துவிட்டது. தன் ஒரு காலால் ஊர் வயிறு காயும் என்றால் யாருக்குத்தான் வராது?

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா காலைப் பார்த்தார், ரத்தம் பார்த்தார், டவுனுக்கு அனுப்பி ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஏரிக்காரர்களுக்கு ஏரிப் பேச்சாகவே சொன்னால் புரியும் என்று அந்தப் புண்ணியவதி நினைத்ததுதான் வினையாகப் போயிற்று.

"இதயம்தாங்க மோட்டார். அது ரத்தத்தைக் குழாய் வழியா கால்வரைக்கும் தள்ளுது, வாய்க்கால்ல தண்ணி போறமாதிரி. போற வழியில கொஞ்சம் சதைக்குள்ள கசியும். கசிஞ்சு தேங்குறதை நிணநீர்க் குழாய்னு மெல்லிசான வடிகால் ஒண்ணு இழுத்துட்டுப் போய் மறுபடி ரத்தத்துல சேர்க்கும். அந்த வடிகாலுக்கு அவ்வளவு பெரிய மோட்டார் கிடையாது. நீங்க நடந்தாத்தான் சதை பிழிஞ்சு தண்ணிய மேல ஏத்தும். ஏறினது இறங்காம இருக்க உள்ளே குட்டிக்குட்டியாக் கதவு இருக்கு, ஒரு பக்கம்தான் திறக்கும். உக்காரும்போது காலைத் தூக்கி வைங்க, மத்த நேரம் நல்லா நடங்க."

வேதகிரியோடு மூன்று பேர் துணைக்கு வந்திருந்தார்கள். ஊரில் முறைவைத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். மூத்தவர் கன்னியப்பன், அடுத்தவர் தாண்டவராயன், இளையவர் பொன்னுரங்கம். மூவரும் ஒன்றுபோலத் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

வீட்டுக்கு வந்ததும் தாண்டவராயன் முதலில் கதவைக் கவனித்தார். "கதவு இருக்குன்னாங்களே, யாராச்சும் தட்டிப் பார்த்தோமா?" என்று கேட்டுவிட்டு, பெஞ்சில் கால் தொங்க உட்கார்ந்திருந்த வேதகிரியின் முட்டிக்குக் கீழே விரலை மடக்கி டொக்கென்று தட்டினார். கால் சட்டென்று எகிறி அவர் தாடையில் ஓர் உதை விட்டது.

தாண்டவராயன் மல்லாந்து கிடந்தபடியே சொன்னார்: "உள்ளே ஆள் இருக்காங்க."

கன்னியப்பன் அதற்கெல்லாம் அசரவில்லை. அவர் இரண்டு கால்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால் தளதளவென்று இருந்தது. இடது கால் மெலிந்து, குதிகால் பாளம்பாளமாக வெடித்திருந்தது.

"ஒரு வயல்ல தண்ணி கரை தட்டி நிக்குது. அண்டை வயல் காய்ஞ்சு வெடிச்சுக் கிடக்குது. இதுக்கு என்ன அர்த்தம், பொன்னுரங்கம்?"

"திருட்டு மடை, அண்ணே."

வேதகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்த கால்! யோசிக்க யோசிக்க அதன் யோக்கியதை அவருக்கே விளங்கியது. எந்த வீட்டுக்குப் போனாலும் முந்திக்கொண்டு முதலில் நுழைவது அதுதான். மாமியார் வீட்டில்கூட அப்படித்தான் நுழைந்தது.

அங்கேயே பஞ்சாயத்து கூடியது. வலது காலை முன்னால் நீட்டி வைத்து, "நீ என்ன சொல்றே?" என்று கன்னியப்பன் மூன்று தரம் கேட்டார். அது வாயைத் திறக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத் தீர்மானம் ஆயிற்று. பொழுது இறங்கும்வரை இடது காலுக்கு முறை, இறங்கிய பிறகு வலது காலுக்கு. முறை இல்லாத கால் தரையைத் தொடக்கூடாது. அதைக் கயிற்றில் ஏணைபோலக் கட்டி உத்தரத்தில் தூக்கிவிட்டார்கள்.

வேதகிரியின் மனைவி அஞ்சலாட்சி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, அந்தம்மா நடக்கவும் சொன்னாங்களே!"

"அம்மா பாய்ச்சச் சொன்னாங்க, முறைய நாமதான் வைக்கணும்" என்றார் கன்னியப்பன்.

"உங்க நாலு பேருக்கும் வறட்சி கால்ல இல்லண்ணே, இன்னும் ரொம்ப மேல இருக்குது" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

தூக்கிக் கட்டிய கால் மெல்ல வற்றத் தொடங்கியது. அதுவே புதிய கவலையாகிவிட்டது. வற்றிய தண்ணீர் எங்கே போயிற்று? இடது காலில் ஈரத்தைக் காணோம். விசாரித்துக்கொண்டிருக்கும்போதே வேதகிரி கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக் கொல்லைப்பக்கம் நொண்டி ஓடினார். வந்தார், மறுபடி ஓடினார். பொன்னுரங்கம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"அண்ணே, மடை திறப்பு வெள்ளிக்கிழமைதானே? மதகுக்காரரே இன்னைக்கே தண்ணி விட்டா ஊர் என்ன பேசும்!"

வெளியே தெரியாமல் தென்னங்கன்றுக்கு விடச்சொல்லி மானத்தைக் காப்பாற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கரையின் மறுகோடியில், மதகடியில், வேப்பந்தாங்கல்காரர்கள் மாலையும் கையுமாகக் காத்திருந்தார்கள். வேதகிரி கரையில் ஏறி வலது காலை எடுத்து வைக்கப் போனார்.

"நில்லுப்பா!" என்று கன்னியப்பன் மறித்தார். "பகல்ல அதுக்கு முறை இல்ல. ஊருக்கு ஒரு நியாயம், உன் காலுக்கு ஒரு நியாயமா?"

வேதகிரி எடுத்த காலை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினார். நாற்றும் முக்கியம், நியாயமும் முக்கியம். கடைசியில் பொன்னுரங்கம் வலது காலை இரு கைகளால் ஏந்திக்கொண்டு பின்பக்கமாகவே நடக்க, தாண்டவராயன் முதுகைத் தாங்க, வேதகிரி இடது காலால் நொண்டியடித்துக் கரை முழுதும் போனார். நாக்குத் தள்ளிவிட்டது. உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் மதகைத் தொட்டார்.

"இது செல்லாது" என்றார் வேப்பந்தாங்கல் நாட்டாமை. "ஆள் ஒத்தக்கால்லதான் வந்திருக்காரு. பாதி நடைதான் ஆச்சு."

நெடுங்கரைக்காரர்களுக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. மதகுக்குத் தண்ணீர் விட இரண்டு கண்கள். பாதி நடைக்கு ஒரு கண்ணைத் திறந்தார்கள். தண்ணீர் குபுகுபுவென்று நெடுங்கரை வாய்க்காலில் இறங்கியது. வேதகிரிக்கு உயிர் வந்தது. ஆனாலும் ஒரு கண் மூடியிருப்பது அவருக்கு உறுத்தியது.

பொழுது இறங்கியது. வேதகிரியைக் கட்டைவண்டியில் ஏற்றிப் பழையபடி முதல் கோடிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது வலது காலுக்கு முறை. பொன்னுரங்கம் இடது காலை ஏந்திக்கொண்டார். வேதகிரி வலது காலால் நொண்டியடித்து மறுபடி கரை முழுதும் வந்தார். முதல் பாதி உச்சிப்பொழுதுக்குள் வந்துவிட்டதால் மிச்சப் பாதிக்கு நேரக் கணக்கில்லை என்று நாட்டாமையே ஒப்புக்கொண்டார். இரண்டாவது கண்ணும் திறந்தது. அழுதுகொண்டே சிரித்தார் வேதகிரி.

ஒரு வாரம் கழித்து டாக்டரம்மாவிடம் போனார்கள். கால் சுத்தமாக வற்றியிருந்தது. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பார்த்தீங்களா? நான் சொன்னமாதிரி நல்லா நடந்திருக்கீங்க!"

வேதகிரிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"இல்லீங்கம்மா. காலைல இடது கால் நடந்துச்சு, சாயந்திரம் வலது கால் நடந்துச்சு. நான் சும்மா கூடத்தான் போனேன்."