கூடவே வந்த கல்லு

மாசிலாமணி பஸ் கண்டக்டரா இருந்து ஓய்ஞ்ச ஆளு. யார் குரல் வேணா பேசுவாரு. திருவண்ணாமலையில அன்னிக்குக் காலையில கிரிவலம் கெளம்பி நின்ன வடிவம்மா முன்னால வந்து, மூக்கைப் புடிச்சுக்கிட்டு ரேடியோக்காரர் மாதிரியே செய்தி வாசிச்சாரு.

"பூமிகூட ஒரு குட்டிக் கல்லு வருது. ரெண்டாவது நிலா கணக்கா நம்மளைச் சுத்துறாப்புல தெரியும். நெசத்துல அது சூரியனைத்தான் சுத்துது. கொஞ்ச காலத்துல பிரிஞ்சு போயிடும்."

வடிவம்மா அவரை விட வயசுல சின்னது. ஆனா அவருக்கு அந்தம்மாதான் குரு. சிரிக்கல.

"வீட்டுல என்ன, கண்டக்டரே?"

மூக்குல இருந்து கை எறங்குச்சு.

"செண்பகத்தைப் பெத்தவன் வந்திருக்கான்மா. மூணு வயசுல என்கிட்ட விட்டுட்டுப் போனவன். இப்ப கூட வான்னு கூப்பிடுறான். அவளுக்கும் ஆசை. 'போகட்டுமாப்பா'ன்னு கேட்டுட்டு, பெட்டியைக் கட்டாம உக்காந்திருக்கா. நான் பதில் சொல்லாம வந்துட்டேன். அவ என் பொண்ணா, இல்லையா?"

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

நடந்தாங்க. வடிவம்மா விறுவிறுன்னு முன்னால போச்சு. அப்புறம் நடையைக் கொறைச்சு எடது பக்கம் வந்துச்சு. பின்தங்குச்சு. என்னடான்னு திரும்புறதுக்குள்ள வலது பக்கமா மறுபடி முன்னால போயிடுச்சு.

பாதி வழியில கண்டக்டர் காலுல வேலமுள்ளு ஏறிடுச்சு. அந்தம்மா ரோட்டோரம் உக்காந்து, அவரு பாதத்தை மடியில வெச்சு, ஊக்கால நோண்டி எடுத்துச்சு. எந்திரிச்சதும் மறுபடி அதே மாதிரி, முன்னாலயும் பின்னாலயும்.

கெளம்பின எடத்துக்கே வந்து சேர்ந்தப்ப அவரு பொறுக்க மாட்டாம கேட்டாரு.

"டிக்கெட் எடுக்காதவன் மாதிரி முன்னயும் பின்னயும் நழுவுறீங்க. ஏம்மா என்னையவே சுத்திச் சுத்தி வந்தீங்க?"

"உங்களையா? நான் மலையைச் சுத்திட்டு வர்றேன்."

கண்டக்டர் அப்படியே நின்னுட்டாரு.

"அப்ப என்கூட வந்தது பொய்யா?"

வடிவம்மா முந்தானை முடிச்சை அவுத்து, அந்த முள்ளை எடுத்து அவரு உள்ளங்கையில வெச்சுச்சு.

"இது பொய்யா, கண்டக்டரே?"

அவரு பஸ் ஏறல. முள்ளை மூடிப் புடிச்சுக்கிட்டு வீட்டுக்கு நடந்தாரு. வழியெல்லாம் 'போயிட்டு வாம்மா'ன்னு ஒவ்வொருத்தர் குரலா சொல்லிப் பார்த்தாரு. ஒண்ணும் பொருந்தல.

வாசல்ல செண்பகத்தைப் பார்த்ததும் சொந்தக் குரல் வந்துச்சு.