மூன்றாவது பானை எங்கே?

மணலூர் ராஜா மருதவாணருக்குத் திடீரென்று ஓர் ஆசை. தன் சத்திரத்துச் சாப்பாட்டில் ஜனங்களுக்குத் திருப்திதானா என்று தெரிய வேண்டும். விசாரித்துச் சொல்லும்படி சத்திரத்து அதிகாரி தில்லைநாயகத்திடமே ஒப்படைத்தார். நல்ல ஆளைப் பிடித்தார் போங்கள்!

அதிகாரி சத்திரத்து வாசலில் இரண்டு பானை வைத்தார். ஒன்றில் ‘பிரமாதம்’ என்று எழுதினார். மற்றதில் ‘மிகப் பிரமாதம்’ என்று எழுதினார். சாப்பிட்டு வருகிறவர்கள் ஆளுக்கொரு புளியங்கொட்டை போட வேண்டும். போடாமல் நழுவுகிறவர்களைப் பிடிக்க ஈட்டியோடு ஒரு காவலன் வேறு!

மறுநாள் சபையில் அதிகாரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

“ஐந்நூறு பேர் சாப்பிட்டார்கள், மகாராஜா. ஐந்நூறு பேருக்கும் பரம திருப்தி! இந்தச் சமையல்காரன் பொன்னப்பன் மட்டும், நான் புழுத்த பருப்பு வாங்கிப் போடுவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். இவனை வேலையை விட்டுத் துரத்த வேண்டும்.”

பொன்னப்பன் முன்னால் ஓடிவந்து கும்பிட்டான். “சத்தியமாகப் புழு இருக்கிறது, மகாராஜா! பிள்ளைகுட்டிக்காரன் நான். வேலை போனால் எங்கே போவேன்?”

“ஐந்நூறு பேருமா பொய் சொல்வார்கள்?” என்று ராஜா தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தார்.

“கொஞ்சம் பொறுங்கள், மகாராஜா!” சபையின் குறும்புக்காரர் இடும்பன் எழுந்தார். “அந்தப் பானைகளை இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள். அதிகாரியையும் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன்.”

பானைகள் வந்தன. காவலனும் ஈட்டியோடு வந்து நின்றான். இடும்பன் அதிகாரியின் கையில் ஒரு புளியங்கொட்டையைத் திணித்தார்.

“ஐயா, இவ்வளவு ருசியான சாப்பாட்டை நீங்கள் சாப்பிடாமல் இருக்கலாமா? இன்று முதல் ஒரு வருஷம், மூன்று வேளையும் உங்களுக்குச் சத்திரத்துச் சாப்பாடுதான். அதே பருப்புதான்! இந்த ஏற்பாடு பிரமாதமா, மிகப் பிரமாதமா? போடுங்கள் கொட்டையை!”

அதிகாரி கொட்டையோடு பானைகளிடம் போனார். இந்தப் பானையைப் பார்த்தார். அந்தப் பானையைப் பார்த்தார். குனிந்து பானைகளுக்குப் பின்னாலும் பார்த்தார். காவலன் ஈட்டியைத் தரையில் தட்டினான். சபையே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

“என்னய்யா தேடுகிறீர்?” என்றார் ராஜா.

“வேண்டாம் என்று சொல்ல ஒரு பானை... மூன்றாவது பானை எங்கே, மகாராஜா?” என்று அலறினார் அதிகாரி.

“நேற்று ஐந்நூறு பேரும் அதைத்தானே தேடினார்கள்!” என்றார் இடும்பன்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பொன்னப்பனுக்கு வேலை தப்பியது. இடும்பனுக்கு முத்துமாலை கிடைத்தது. அதிகாரிக்கு அன்று மத்தியானமே சத்திரத்தில் முதல் இலை போட்டுவிட்டார்கள்.